‘என் கணினியில் ஓடுகிறதே!’ – பழைய ரன்டைம் பற்றி வாசகர்கள் கேட்டவை

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைச் சுற்றுகின்றன: டெஸ்க்டாப் மென்பொருளும், அதற்கு அடியில் சத்தமில்லாமல் கிடக்கும் ரன்டைமும், அதாவது மென்பொருள் ஓடுவதற்கு வேண்டிய அடித்தள நிரலும். எழுதியவர்களில் பாதிப் பேர் மென்பொருள் செய்பவர்கள், பாதிப் பேர் அதோடு மல்லுக்கட்டுபவர்கள். ஆய்வுக்கூடத் தராசிலிருந்து எடையைப் படித்து அறிக்கை அச்சடிக்கும் ஒரு மென்பொருளைப் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். தராசு கெடாதவரை அதோடு இணைத்த கணினியை யாரும் மாற்ற மாட்டார்கள். ஆகவே இது எனக்குப் படித்து அறிந்த விஷயமில்லை, பட்டு அறிந்தது.

கேள்வி: தனியாளாக ஒரு டெஸ்க்டாப் மென்பொருள் எழுதி விற்கிறேன். மைக்ரோசாஃப்டின் ரன்டைமான டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.0-இல் இருக்கிறது. அதன் புது வாரிசான டாட்நெட் 8-க்குப் போக ஆசை. ஆனால் வாடிக்கையாளர்கள் சிலரிடம் விண்டோஸ் 7, இரண்டு பேரிடம் எக்ஸ்பி. எந்தப் பதிப்பு வரை தாங்கிப் பிடிப்பது?

ரன்டைமைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு விண்டோஸைப் பாருங்கள். எக்ஸ்பியில் ஏறக்கூடிய கடைசி ஃப்ரேம்வொர்க் 4.0. விஸ்டாவுக்கு 4.6. விண்டோஸ் 7-க்கு, சர்வீஸ் பேக் 1 இருந்தால், 2019-இல் வந்த 4.8 வரை ஏறும். அப்படியானால் நீங்கள் 4.0-வைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு எக்ஸ்பிக்காரர்களுக்காக மட்டும்தான். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களிடம் “4.8 போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொன்னால் வேலை முடிந்தது. 4.5-லிருந்து 4.8 வரை எல்லாமே 4.0 இருந்த இடத்திலேயே உட்காருபவை. பக்கத்தில் தனியாகக் குடியேறுவதில்லை. 4.0-க்கு எழுதிய நிரல் அநேகமாக அப்படியே அதில் ஓடும்.

4.8-லிருந்து டாட்நெட் 8-க்குப் போவதுதான் உண்மையான தாண்டல். அதன் ஆதரவுப் பட்டியலே விண்டோஸ் 10-இலிருந்துதான் தொடங்குகிறது. நீங்கள் ஒரு படி என்று நினைப்பது உண்மையில் இரண்டு படி. ஒரே எட்டில் ஏற வேண்டியதில்லை.

இன்னொன்று. புதியது நெடுநாள் இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். டாட்நெட் 8-க்கு ஆதரவு 2026 நவம்பரோடு முடிகிறது. நீண்டகால ஆதரவு என்று சொல்லப்படுவதே 3 வருடம்தான். 4.8-ஓ, தான் குடியிருக்கும் விண்டோஸுக்கு ஆதரவு உள்ளவரை இருக்கும். போயே தீருவது என்றால் 2025 நவம்பரில் வந்த 10-க்கே போங்கள், 2028 நவம்பர் வரை மூச்சு விடலாம். போவதற்குக் காரணம் ஆசை மட்டும்தான் என்றால், 4.8-இல் நிம்மதியாக உட்காருங்கள்.

எக்ஸ்பிக்காரர்கள் இரண்டு பேர்? இங்கே ஒரு சொந்த அனுபவம். என் மென்பொருள் அறிக்கையை ஒரு சர்வருக்கும் அனுப்பும். ஒரு நாள் திடீரென்று பழைய கணினிகளிலிருந்து எதுவும் போகவில்லை. நான் ஒரு வரிகூட மாற்றவில்லை. சர்வர் பக்கம் டி.எல்.எஸ். என்ற இணைப்புப் பாதுகாப்பு நெறிமுறையின் பழைய 1.0-வை மூடிவிட்டார்கள், அவ்வளவுதான். 4.0-இன் பாதுகாப்பு நெறிமுறைப் பட்டியலில் 1.2 என்ற பெயரே கிடையாது. 1.2-ஐக் குறிக்கும் 3072 என்ற எண்ணை நேராகத் திணித்தால் வேலை செய்யும் என்று யாரோ சொன்னார்கள். செய்தது, என் கணினியில். காரணம், என் கணினியில் 4.0 என்ற பெயரில் இருந்தது 4.5. உண்மையிலேயே 4.0 மட்டும் இருந்த கணினியில் அந்த எண்ணைப் பார்த்ததும் ‘ஆதரிக்கப்படவில்லை’ என்று விழுந்தது. பழைய ரன்டைமைத் தாங்குவதில் செலவு இப்படித்தான் வருகிறது: உங்கள் நிரல் நின்ற இடத்தில் நிற்கும், சுற்றியுள்ள உலகம் நகர்ந்துவிடும்.

ஆகவே நான் செய்ததைச் சொல்கிறேன். 4.0-க்கான கடைசிப் பதிப்பைத் தனிக் கிளையாக உறைய வைத்தேன். அதில் புது வசதி எதுவும் வராது. தரவு கெட்டுப்போகும் பிழை வந்தால் மட்டும் தொடுவேன். இன்ஸ்டாலர் என்றைக்கும் பதிவிறக்கத்துக்குக் கிடைக்கும். உயிரோடு வளரும் பதிப்பு 4.8-இல்.

கேள்வி: ஜாவா 17-இல் கம்பைல் செய்கிறேன். சோர்ஸ், டார்கெட் இரண்டையும் 8 என்று வைத்திருக்கிறேன். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் ஜாவா 8 வைத்திருப்பவர் ஒரு ஃபைலைத் திறந்தால் ‘நோ சச் மெத்தட் எரர்’ என்று நிற்கிறது. அது காட்டும் மெத்தட் (கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்யும் துண்டு நிரல்), பைட்பஃபர் என்ற நூலக கிளாஸின் ஃபிளிப். அது 1.4 காலத்திலிருந்தே இருக்கிறதே!

இருக்கிறது. ஆனால் நீங்கள் கூப்பிடும் ஃபிளிப் வேறு, அங்கே இருக்கும் ஃபிளிப் வேறு.

ஜாவா 8-இல் ஃபிளிப் என்பது பைட்பஃபரின் சொந்தச் சொத்து அல்ல. தாய் கிளாஸான பஃபரிடமிருந்து வந்தது. திருப்பித் தருவதும் பஃபர் வகைதான். ஜாவா 9-இல் பைட்பஃபருக்கென்றே ஒரு ஃபிளிப் எழுதிச் சேர்த்தார்கள், அது பைட்பஃபரையே திருப்பித் தரும். நிரல் எழுதுபவருக்கு இது வசதி, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் கம்பைல் ஆன நிரல் இருக்கும் கிளாஸ் ஃபைலில் ஒரு மெத்தட் அழைப்பு எழுதப்படும்போது பெயர் மட்டும் எழுதப்படுவதில்லை. எந்த கிளாஸ், என்ன பெயர், என்ன வகையைத் திருப்பும் என்று முழு முகவரியும் பதிவாகிறது. உங்கள் கம்பைலர் 17-இன் நூலகத்தைப் பார்த்து, “பைட்பஃபரில் இருக்கும், பைட்பஃபரைத் திருப்பும் ஃபிளிப்” என்று முகவரி எழுதிவிட்டது. ஜாவா 8-இல் அந்த முகவரியில் யாரும் இல்லை.

சரி, டார்கெட் 8 என்று வைத்தது எதற்கு? அது கிளாஸ் ஃபைலின் தலையில் ஜாவா 17-இன் 61-க்குப் பதிலாக ஜாவா 8-இன் 52 என்ற எண்ணைப் போடுகிறது, அதற்கேற்ற பைட்கோடை எழுதுகிறது. சோர்ஸ் 8 என்பது புது இலக்கணத்தைத் தடுக்கிறது. இரண்டில் எதுவும் நூலகத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பிழை வரவில்லை என்கிறீர்கள். எச்சரிக்கை ஒன்று வந்திருக்கும், பூட்ஸ்ட்ராப் கிளாஸ் பாத் அமைக்கவில்லை என்று. அதாவது, எந்தப் பதிப்பின் நூலகத்தைப் பார்ப்பது என்று நீங்கள் சொல்லவில்லை. நாம் எல்லோருமே அதைத் தாண்டிப் போகிறவர்கள்தான்.

அந்த இரண்டு ஆப்ஷனையும் எடுத்துவிட்டு ‘ரிலீஸ் 8’ என்ற ஒரே ஆப்ஷனைப் போடுங்கள். ஜாவா நிரல் எழுதும் கருவித்தொகுப்பான ஜே.டி.கே.யில் 9-இலிருந்து இருக்கிறது. பழைய பதிப்புகளில் எந்தெந்த கிளாஸ், எந்தெந்த மெத்தட் இருந்தன என்ற குறிப்பை ஜே.டி.கே. தன்னிடமே வைத்திருக்கிறது, அதைப் பார்த்துக் கம்பைல் செய்யும். இல்லாததைக் கூப்பிட்டால் உங்கள் மேஜையிலேயே பிழை வந்துவிடும். ஒன்று கவனம்: நீங்கள் சேர்த்திருக்கும் பிறருடைய ஜார்களை (கம்பைல் ஆன ஜாவா நூலகப் பொதிகளை) அது சோதிக்காது. ஒரு ஜார் 11-க்குக் கம்பைல் ஆகியிருந்தால் அதன் எண் 55, ஜாவா 8 அதைத் தொடவே தொடாது.

இதே மாதிரி ஒரு குழியில் டாட்நெட் பக்கம் நானும் விழுந்திருக்கிறேன். மைக்ரோசாஃப்டின் நிரல் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோ 2012-ஐப் போட்ட கையோடு ஒரு பில்ட் எடுத்தேன். ப்ராஜெக்ட் டார்கெட் 4.0, ஒரு எழுத்தும் மாறவில்லை. எல்லா டி.எல்.எல். நூலக ஃபைல்களையும் ஒரே எக்ஸ்இ-யாகச் சேர்க்கும் கருவி ஒன்றைப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். என் கணினியில் அருமையாக ஓடியது. எக்ஸ்பி கணினிகளில் திரை வந்தது, எடை வந்தது. அச்சிடு பொத்தானை அழுத்தியதும் செத்தது. எக்ஸ்டென்ஷன் ஆட்ரிபியூட் என்ற வகையை டாட்நெட்டின் அடிப்படை நூலகமான எம்எஸ்கோர்லிப்பில் காணோம் என்று செய்தி.

மூன்று நாள் தேடினேன். அது ஒரு துளியூண்டு கிளாஸ். எக்ஸ்டென்ஷன் மெத்தட்களின் மேல் ஒட்டப்படும் சீட்டு, வேறு வேலையே கிடையாது. 4.0-இல் அது சிஸ்டம்.கோர் டி.எல்.எல்.லில் இருந்தது. 4.5-இல் எம்எஸ்கோர்லிப்புக்கு வீடு மாறியது. பழைய முகவரிக்கு வருபவர்களைப் புது வீட்டுக்கு அனுப்பிவைக்க சிஸ்டம்.கோரில் ஒரு பலகையும் மாட்டியிருந்தார்கள். அதனால் 4.0 நிரல் 4.5-இல் ஓடும். ஆனால் விஷுவல் ஸ்டுடியோ 2012 என் கணினியில் 4.0-வை எடுத்துவிட்டு அதே இடத்தில் 4.5-ஐ வைத்திருந்தது. சேர்க்கும் கருவி அங்கே போய்ப் பார்த்து, புது வீட்டு முகவரியை எழுதிவிட்டது. எக்ஸ்பியில் அந்த வீடே கட்டப்படவில்லை.

கருவிக்கு 4.0-இன் ரெஃபரன்ஸ் அசெம்பிளி, அதாவது கம்பைல் செய்யும்போது பார்ப்பதற்கான நூலகப் பிரதி, இருக்கும் ஃபோல்டரைக் காட்டினேன், தீர்ந்தது. ஒரு வரி மாற்றம். அதற்கு மூன்று நாள். ஆகவே கம்பைல் ஆகிறது என்பதை நான் சாட்சியாக ஏற்பதில்லை. பழைய ரன்டைம் மட்டும் உள்ள ஒரு கணினியில், ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்த்தால்தான் உண்டு.

கேள்வி: என் கணினியில் நிறுவிய மென்பொருள்களின் பட்டியலில் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்று பத்துப் பன்னிரண்டு வரிகள். பழையவற்றை நீக்கிவிடலாமா?

கை வைக்காதீர்கள். அவை சி++ மொழியில் எழுதிய மென்பொருள்களுக்கான ரன்டைம்கள். 2005, 2008, 2010, 2012, 2013 ஒவ்வொன்றும் தனித்தனி. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. 2015-உம் அதற்குப் பின் வந்தவையும் மட்டும் ஒரே குடும்பம், புதியது போட்டால் பழையதற்கும் சேர்த்து வேலை செய்யும். எக்ஸ்64, எக்ஸ்86 என்று இரட்டையாக இருப்பதும் தவறல்ல. 32 பிட் மென்பொருளுக்கு 32 பிட் நூலகம்தான் வேண்டும். நீக்கினால் கிடைக்கும் இடம் சொற்பம். அப்புறம் ஒரு நாள் ஏதோ ஒன்று எம்.எஸ்.வி.சி.ஆர்.100 டி.எல்.எல். காணோம் என்று அழும்.

கேள்வி: புதுக் கணினி வாங்கினேன். அதில் டாட்நெட் 4.8 இருக்கிறது என்கிறார்கள். பழைய மென்பொருள் ஒன்றைத் திறந்தால் ‘டாட்நெட் 3.5 வேண்டும்’ என்கிறது. பெரிய எண் இருக்கும்போது சின்ன எண்ணை ஏன் கேட்கிறது?

நியாயமான எரிச்சல். அந்த எண்கள் ஒரே ஏணியின் படிகள் போலத் தெரிகின்றன, உண்மையில் இரண்டு ஏணிகள். 2.0, 3.0, 3.5 மூன்றும் ஒரே எஞ்சினில் ஓடுபவை. அந்த எஞ்சினின் பதிப்பு 2. 4.0-இலிருந்து 4.8.1 வரை வேறு எஞ்சின், பதிப்பு 4. இரண்டும் ஒரே கணினியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். முதல் எஞ்சினுக்காக எழுதிய மென்பொருள், தானாக இரண்டாவதில் ஏறி உட்காராது.

எளிய வழி: விண்டோஸ் 10-இலும் இன்று பரவலாக ஓடும் 11-இலும் ‘விண்டோஸ் அம்சங்களை இயக்கு’ என்ற பட்டியல் இருக்கிறது. அதில் 3.5-க்கு ஒரு டிக் போடுங்கள், அதுவே இறக்கிக்கொள்ளும். 3.5-க்கு 2029 ஜனவரி வரை ஆதரவு உண்டு, பயப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு வழி மென்பொருள் எழுதியவருக்கு. எக்ஸ்இ-யின் பக்கத்தில் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் ‘சப்போர்ட்டட் ரன்டைம்’ என்று இரண்டு வரி: முதலில் 2.0.50727, அடுத்து 4.0. முதலாவது இருந்தால் அதில் ஓடும், இல்லையென்றால் இரண்டாவதில். ஆனால் 4.0-இல் ஓட்டிப் பார்க்காமல் இந்த வரியைச் சேர்த்து அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். “ஆதரிக்கிறது” என்று எழுதிவிட்டால் ஆதரித்துவிடாது.

கேள்வி: எங்கள் இன்ஸ்டாலர் ‘ஜாவா 1.8 அல்லது அதற்கு மேல் தேவை’ என்று சரிபார்க்கும். ஜாவா 17 இருக்கும் கணினியில் ‘உங்கள் ஜாவா மிகவும் பழையது’ என்கிறது. இதை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

போனவரைத் திட்டாதீர்கள், அவர் எழுதியபோது அது சரியாகத்தான் இருந்திருக்கும். 1.8 வரைக்கும் ஜாவா தன் பதிப்பை 1.6, 1.7, 1.8 என்று சொல்லிக்கொண்டிருந்தது. முதல் புள்ளிக்குப் பிறகு வருவதுதான் நிஜமான எண். ஆகவே எல்லோரும் புள்ளியில் பிளந்து இரண்டாவது துண்டை எடுத்து 8-ஓடு ஒப்பிட்டார்கள். 9-இல் அந்த முன்னால் இருந்த ‘1.’ போய்விட்டது. இப்போது 17.0.9 என்று வந்தால் இரண்டாவது துண்டு 0. 8-ஐவிடச் சின்னது, ஆகவே ‘பழையது’. வெறும் 17 என்று வந்தால் இரண்டாவது துண்டே கிடையாது. இன்ஸ்டாலர் அங்கேயே விழும்.

இதற்கு ஒரு தங்கை உண்டு: எண்களை எழுத்துகளாக ஒப்பிடுவது. எழுத்து வரிசையில் 10 என்பது 9-க்கு முன்னால் வரும். 9 வரை நிம்மதியாக ஓடிய சோதனை, 10 வந்த அன்று குப்புற விழும்.

விண்டோஸிடம் கேட்டாலும் நேர்ப் பதில் வராது. 8.1-இலிருந்து, ‘நான் புது விண்டோஸை அறிவேன்’ என்று தன் விவரக் குறிப்பான மேனிஃபெஸ்ட்டில் சொல்லாத மென்பொருளுக்கு, பழைய பதிப்புக் கேள்விக்கு 6.2 என்றே பதில் வரும், அதாவது விண்டோஸ் 8. வேண்டுமென்றே சொல்லும் பொய். உண்மையைச் சொன்னால் மோசமாக எழுதிய சோதனைகள் ஓட மறுக்கும் என்று இந்த ஏற்பாடு. விண்டோஸ் 11-கூடத் தன்னை 10.0 என்றுதான் சொல்லிக்கொள்கிறது. பில்ட் எண் 22000-ஐத் தொட்டிருந்தால் அது 11.

டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.5-க்கு மேல் என்றால் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘ரிலீஸ்’ என்று ஒரு முழு எண் இருக்கும். 378389 என்றால் 4.5, 528040 அல்லது அதற்கு மேல் என்றால் 4.8. சமமா என்று கேட்காதீர்கள், குறையாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே 4.8-க்கு விண்டோஸைப் பொறுத்து வேறு வேறு எண்கள் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, ‘பரவாயில்லை, தொடர்’ என்று ஒரு பொத்தான் வையுங்கள். நாளை வரப்போகும் பதிப்பைப் பற்றி இன்று எழுதும் சோதனைக்கு அவ்வளவு பிடிவாதம் ஆகாது.

கேள்வி: ரன்டைம் தகராறே வேண்டாம் என்று, அதையும் மென்பொருளோடு சேர்த்தே கட்டி அனுப்பிவிட்டால் என்ன?

நல்ல யோசனைதான். டாட்நெட்டில் ‘செல்ஃப் கன்டெய்ன்ட்’ என்று வெளியிடலாம். ஜாவாவில் இதற்கான கருவிகளாக 9-இலிருந்து ஜேலிங்க் இருக்கிறது, 16-இலிருந்து ஜேபேக்கேஜ் முழுதாக இருக்கிறது. ஆரக்கிள் 11-இலிருந்து ஜே.ஆர்.இ. என்ற தனி ரன்டைமைத் தருவதையே நிறுத்திவிட்டதால் ஜாவாக்காரர்களுக்கு இது ஏறக்குறைய ஒரே நேர்வழி. எலெக்ட்ரான் என்ற அடித்தளத்தில் கட்டிய மென்பொருள்கள் ஒவ்வொன்றும் குரோம் பிரவுசரின் அடித்தளமான முழுக் குரோமியத்தையே சுமந்து வருகின்றன, யாரும் கேட்பதில்லை.

சேர்க்காவிட்டால் என்ன தொல்லை என்பதையும் சொல்ல வேண்டும். டாட்நெட் 6-க்கு வெளியிட்ட மென்பொருள், 8 மட்டும் உள்ள கணினியில் திறக்காது. 6-ஐக் கொண்டு வா என்று கேட்கும். 6.0-இலிருந்து 6-க்குள் மேலே போகத் தயார், 8-க்குத் தாவத் தயாரில்லை. அதுதான் அதன் இயல்பான அமைப்பு. ‘ரோல் ஃபார்வர்டு’ என்பதை மேஜர் என்று மாற்றினால் தாவும். தாவிய பிறகு ஏதாவது உடைந்தால் அது உங்கள் பாடு.

ஆனால் சேர்த்துக் கட்டினால் இரண்டு விஷயம் உங்கள் தலையில் விழும். ஜாவாவுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் வருகின்றன. டாட்நெட்டுக்கு மாதத்தின் இரண்டாம் செவ்வாய். கணினியில் பொதுவாக இருக்கும் ரன்டைம் திருந்தும். உங்கள் மென்பொருளின் வயிற்றுக்குள் இருப்பது திருந்தாது. நீங்கள்தான் மறுபடி கட்டி அனுப்ப வேண்டும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது எது எதற்குள் அது ஒளிந்திருக்கிறது என்று தேடவே உலகம் வாரக்கணக்கில் திண்டாடியது. உள்ளே வைத்துக் கட்டுவதன் மறுபக்கம் அது. வருடத்துக்கு நான்கு முறையாவது புதுப் பதிப்பு விட முடியும் என்றால் கட்டுங்கள். வருடத்துக்கு ஒரு முறைதான் என்றால் கணினியில் இருப்பதையே நம்புங்கள்.

இரண்டாவது விஷயம், பலர் தவறாக நினைப்பது: ரன்டைமை உள்ளே வைத்துவிட்டால் எந்த விண்டோஸிலும் ஓடும் என்று. ஓடாது. அந்த ரன்டைமுக்கே ஒரு தரை உண்டு.

கேள்வி: வருடக்கணக்காகப் பயன்படுத்தும் மென்பொருள், புதுப் பதிப்பில் என் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது. இது சோம்பேறித்தனம்தானே?

சில நேரம் ஆம். பல நேரம் அவர்கள் நின்ற பலகையே உருவப்பட்டிருக்கும். விண்டோஸ் 7-இல் ஓடிய கடைசி குரோம் 109. கடைசி எலெக்ட்ரான் 22. பைத்தான் 3.8-ஓடு சரி, 3.9 அங்கே ஏறாது. கோ மொழி 1.20-ஓடு நிறுத்திக்கொண்டது. இவற்றில் ஏதாவது ஒன்றின் மேல் கட்டியவருக்கு வேறு வழியில்லை: அடித்தளத்தின் பழைய பதிப்பிலேயே நின்று ஓட்டைகளைச் சுமக்க வேண்டும், அல்லது உங்களை விட வேண்டும்.

ஆனால் நீங்கள் கேட்க உரிமை உள்ளவை உண்டு. உங்கள் கணினியில் ஓடும் கடைசிப் பதிப்பின் இன்ஸ்டாலர் எங்கே, அது என்றைக்கு நின்றது, உங்கள் ஃபைல்களைப் பொது வடிவத்தில் வெளியே எடுக்க முடியுமா. இந்த மூன்றும் தராமல், அப்டேட் என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்ததை ஓடாததாக மாற்றிவிட்டுப் போவதை நான் சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன். அதற்கு வேறு சொல் இருக்கிறது, பத்திரிகையில் போட மாட்டார்கள்.

கேள்வி: லினக்ஸுக்கு ஒரு சின்ன நிரல் எழுதினேன், பத்து வரி. நேற்று வந்த லினக்ஸில் கட்டியதைப் பழைய லினக்ஸில் ஓட்டினால் ‘ஜிலிப்சி 2.34 காணோம்’ என்கிறது. அந்தப் பத்து வரியில் 2.34-இல் வந்த எதையும் நான் பயன்படுத்தவில்லை.

ஜிலிப்சி என்பது லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகம். நீங்கள் பயன்படுத்தவில்லை, நிரல் தொடங்குவதற்கு முன் உங்களுக்காக ஓடும் துவக்க நிரல் பயன்படுத்துகிறது. 2021 ஆகஸ்டில் வந்த 2.34-இல் அந்தத் துவக்க ஃபங்ஷனுக்கே புதுப் பதிப்பு எண் கிடைத்தது. ஆகவே அதற்குப் பின் வந்த எதிலும் கட்டிய நிரல், ஒன்றுமே செய்யாவிட்டாலும் 2.34-ஐக் கேட்கும்.

ஜிலிப்சி பழைய நிரல்களை மறப்பதில்லை, புது நிரல்களைப் பழைய இடத்தில் அனுமதிப்பதில்லை. நினைவகத்தில் தரவை நகலெடுக்கும் மெம்காப்பி 2.14-இல் மாறியபோது, அதற்கு முன் கட்டிய நிரல்களுக்காகப் பழைய மெம்காப்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். ஒரே பெயர், இரண்டு ஆள். பின்னோக்கிய இந்த விசுவாசம் ஒருவழிப் பாதை. ஆதரிக்க நினைக்கும் மிகப் பழைய லினக்ஸின் கன்டெய்னர் (உங்கள் கணினிக்குள்ளேயே தனித்து ஓடும் சூழல்) ஒன்றை எடுத்து அதற்குள் கட்டுங்கள், புதியவற்றிலும் ஓடும். கட்டி முடித்ததும் ஆப்ஜ்டம்ப் கருவியால் எந்த எண்களைக் கேட்கிறது என்று ஒரு முறை பாருங்கள். பெரிய எண் எதுவோ அதுதான் உங்கள் தரை.

கேள்வி: இன்னமும் எக்ஸ்பி கணினி ஒன்றைச் சோதனைக்கு வைத்திருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். மெய்நிகர் கணினி (ஒரு கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினி) இருக்கும்போது அந்தப் பெட்டி எதற்கு?

நானும் தூக்கிப் போடப் பார்த்தேன். மெய்நிகர் கணினியில் நான்கு எக்ஸ்பி வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ரன்டைம். சோதனை முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். பெட்டியில் அது முடியாது. மின்விசிறி வேறு இரைகிறது.

ஒரு வாடிக்கையாளர், அறிக்கை சேமித்தால் காணாமல் போகிறது என்றார். எப்போதும் இல்லை, காலையில் முதல் அறிக்கை மட்டும். மெய்நிகர் கணினியில் நாற்பது அறிக்கை சேமித்துப் பார்த்தேன், நாற்பதும் இருந்தன. ரன்டைம் மேல் சந்தேகப்பட்டு 4.0, 4.0.3 என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் அலுத்துப்போய் இந்தப் பெட்டியை இயக்கி ஓர் அறிக்கை சேமித்தேன். காணோம்.

பட்டியலைக் கீழே இழுத்துக்கொண்டே போனால், அடியோ அடியில் இருந்தது. தேதி 2002 ஜனவரி 1. மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. ஒவ்வொரு முறை அணைத்து இயக்கும்போதும் கடிகாரம் அங்கேயே திரும்பிவிடும். யாராவது கவனித்துத் தேதியைச் சரிசெய்யும் வரை எடுத்த அறிக்கைகள் எல்லாம் 2002-க்குப் போய்விடும். என் பட்டியல் புதியதை மேலே காட்டும். மெய்நிகர் கணினிக்கோ தாங்கும் கணினியின் கடிகாரம், அது ஒரு நாளும் தவறாது.

இப்போது பட்டியல் தேதியைப் பார்ப்பதில்லை, வரிசை எண்ணைப் பார்க்கிறது. பேட்டரியை நான் மாற்றவில்லை.